வெயில் இருந்தும் பேட்டரி ஏறவில்லையா? மோட்டார்ஹோம் சோலார் சார்ஜிங்கில் தடை இருக்கும் இடத்தைக் கண்டறியும் முறை

மோட்டார்ஹோமின் கூரையில் 100 வாட் சோலார் பேனல் இருக்கிறது. வானம் தெளிவாக இருக்கிறது. நண்பகல் வெயிலும் குறைவில்லை. ஆனால் சார்ஜ் கன்ட்ரோலரின் திரை 1.5 ஆம்பியர் என்று காட்டுகிறது. இரவில் விளக்கும் குளிர்ப்பெட்டியும் ஓடத் தொடங்கிய சில மணி நேரத்தில் பேட்டரி தளர்ந்துவிடுகிறது. இந்த நிலையில் பெரும்பாலோர் இன்னொரு பேனலை வாங்குகிறார்கள், அல்லது பேட்டரியையே மாற்றிவிடுகிறார்கள். இரண்டும் பெருஞ்செலவு, கோளாறு வேறிடத்தில் இருந்தால் அந்தச் செலவு முழுவதும் வீணாகும்.

மெதுவாக ஏறுகிறது என்ற ஒரே அறிகுறியைப் பல காரணங்கள் உண்டாக்கக்கூடும் என்பதுதான் குழப்பத்தின் வேர். ஆனால் அவை அனைத்தையும் முதலில் இரண்டாகப் பிரித்துவிடலாம். எந்த ஒரு கணத்திலும், கொடுப்பதற்குப் பேனலிடம் அதற்குமேல் மின்சாரம் இல்லை. அல்லது பேனலிடம் இருந்தும் பேட்டரி அதற்குமேல் வாங்க மறுக்கிறது. இவ்விரண்டில் எது நடக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் எந்தப் பாகத்தையும் கழற்றத் தேவையில்லை. எதையும் வாங்கவும் கூடாது.

## அடிப்படைச் சொற்கள்

மோட்டார்ஹோமில் வழக்கமாக இரண்டு பேட்டரிகள் இருக்கும். ஒன்று இன்ஜினைக் கிளப்புவது. சில விநாடிகளுக்குப் பெரும் மின்னோட்டத்தைத் தருவதற்காகச் செய்யப்பட்டது. மற்றொன்று விளக்கு, தண்ணீர் பம்ப், குளிர்ப்பெட்டி போன்றவற்றுக்குப் பல மணி நேரம் சீராக மின்சாரம் தருவது. இதை லெஷர் பேட்டரி என்பார்கள். இந்தக் கட்டுரையில் அதை வீட்டு பேட்டரி என்று குறிப்பிடுகிறோம்.

மின்னழுத்தம் வோல்ட்டிலும், மின்னோட்டம் ஆம்பியரிலும் அளக்கப்படுகின்றன. இரண்டையும் பெருக்கினால் வாட், அதாவது திறன் கிடைக்கும். பேட்டரியின் கொள்ளளவு ஆம்பியர்-மணியில் சொல்லப்படுகிறது: 100 ஆம்பியர்-மணி பேட்டரி, கொள்கையளவில், 5 ஆம்பியரை 20 மணி நேரம் தரும்.

பேனலுக்கும் பேட்டரிக்கும் இடையே நிற்பது சார்ஜ் கன்ட்ரோலர். அது பேட்டரியை மூன்று கட்டங்களாக ஏற்றுகிறது. முதலாவது பல்க்: பேனல் தரும் மின்னோட்டம் முழுவதும் பேட்டரிக்குள் போகும், பேட்டரியின் வோல்ட் மெல்ல உயரும். இரண்டாவது அப்சார்ப்ஷன்: வோல்ட் ஒரு வரம்பைத் தொட்டதும், பொதுவாக ஈய-அமில பேட்டரிக்கு 14.4 முதல் 14.8 வரை, கன்ட்ரோலர் அதை அங்கேயே நிறுத்திவைக்கும். மின்னோட்டம் படிப்படியாகக் குறையும். மூன்றாவது ஃபுளோட்: நிரம்பிய பேட்டரியை 13.5 வோல்ட்டை ஒட்டிய அளவில் தாங்கிப் பிடிக்கும்.

## எதிர்பார்ப்பைச் சரிசெய்தல்

கோளாறு என்று புகார் செய்யப்படும் பல நேர்வுகளில் எந்தக் கோளாறும் இருப்பதில்லை. பேனலின் பின்புறம் ஒட்டப்பட்டுள்ள 100 வாட் என்ற எண் சோதனைக்கூட நிலைமைக்கு உரியது: சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளி, செல்லின் வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸ். கூரைமேல் கிடக்கும் பேனலுக்கு இவ்விரண்டும் ஒருசேர வாய்ப்பது அரிது.

முதலில் கோணம். மோட்டார்ஹோமின் பேனல் பெரும்பாலும் கிடைமட்டமாக ஒட்டப்படுகிறது. சூரியன் அடிவானத்திலிருந்து 60 டிகிரி உயரத்தில் இருந்தால் நேர்க்கதிரில் 87 சதவீதம் பேனலுக்குக் கிட்டும். 30 டிகிரியில் பாதி. 15 டிகிரியில் கால் பங்கு. சூரியன் தாழத் தாழ ஒளி கடந்துவரும் காற்றடுக்கும் தடிக்கிறது என்பதால் உண்மையான இழப்பு இதைவிடவும் அதிகம். குளிர்காலத்தில் தெளிந்த வானத்தின்கீழும் ஆம்பியர் சரிவதற்கு இதுவே முதற்காரணம்.

அடுத்தது வெப்பம். செல்லின் வெப்பநிலை 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சிலிக்கான் பேனல் சுமார் 0.3 முதல் 0.4 சதவீதம் திறனை இழக்கிறது. காற்றோட்டம் இல்லாமல் கூரையோடு ஒட்டிய பேனல் வெயிலில் 60 டிகிரியை எளிதில் எட்டும்; அப்போது 10 முதல் 14 சதவீதம் போய்விடும்.

கணக்கைச் சேர்த்துப் பார்ப்போம். 100 வாட்டில் வெப்பம் 14 வாட்டை எடுத்துக்கொள்கிறது. எஞ்சிய 86 வாட்டில் 60 டிகிரி சூரியனுக்கு 75 வாட். மெல்லிய தூசிக்கும் கன்ட்ரோலரின் சொந்த இழப்புக்கும் சேர்த்துப் பத்து சதவீதம் கழித்தால் 67 வாட். பேட்டரி 13.2 வோல்ட்டில் இருந்தால் இது 5 ஆம்பியர். ஆகவே நல்ல வெயிலில் 100 வாட் பேனல் 5 ஆம்பியர் தருகிறது என்றால் அது ஒழுங்காக உழைக்கிறது. அதே வெயிலில், பேட்டரி காலியாக இருக்கும்போது, 1.5 ஆம்பியர்தான் வருகிறது என்றால் தேட வேண்டியது ஏதோ இருக்கிறது.

நாள் கணக்கும் முக்கியம். 5 மணி நேர முழு வெயிலுக்கு ஈடான ஒளி ஒரு நாளில் கிடைக்கிறது என்று கொண்டால், 70 சதவீதப் பயனில் 350 வாட்-மணி, அதாவது சுமார் 27 ஆம்பியர்-மணி சேரும். ஓடும்போது 45 வாட் இழுத்து, மூன்றில் ஒரு பங்கு நேரம் ஓடும் கம்ப்ரஸர் குளிர்ப்பெட்டி ஒரு நாளில் 360 வாட்-மணியைத் தின்றுவிடும். அந்த ஒரு பேனலும் அந்த ஒரு குளிர்ப்பெட்டியும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன. பேட்டரிக்கு மிஞ்சுவது எதுவுமில்லை. பாதி காலியான 100 ஆம்பியர்-மணி பேட்டரி எத்தனை நாள் வெயிலில் நின்றாலும் பாதியிலேயே நிற்பதற்கு இத்தகைய வரவு செலவுக் கணக்கே போதுமான விளக்கம்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். கன்ட்ரோலரின் திரை காட்டுவது பேனலிலிருந்து வரும் மொத்த ஆம்பியர். பேட்டரியின் எதிர்மின் (−) முனையில், ஷன்ட் என்னும் மின்னோட்டம் அளக்கும் சிறு தடையை வைத்த பேட்டரி மானிட்டர் காட்டுவது செலவு போக உள்ளே சென்ற நிகர ஆம்பியர். முதலாவது 5, இரண்டாவது 1 என்று இருந்தால் சோலார் அமைப்பில் குறையில்லை. 4 ஆம்பியர் எங்கே போகிறது என்பதே கேள்வி. எந்தச் சாதனமும் இணைக்கப்படாத நிலையிலும் இன்வெர்ட்டர் தன்னளவில் ஓர் ஆம்பியரை ஒட்டி இழுத்துக்கொண்டிருக்கலாம். வாயுவிலும் மின்சாரத்திலும் ஓடும் அப்சார்ப்ஷன் வகைக் குளிர்ப்பெட்டியை 12 வோல்ட்டில் விட்டுவிட்டால் அது 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும்.

## கருவி இல்லாமலே செய்யும் முதற்சோதனை

பேட்டரியின் வோல்ட்டையும் ஏறும் ஆம்பியரையும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். தனித்தனியே பார்த்தால் இரண்டும் ஏமாற்றும்.

1. வோல்ட் குறைவாக, எடுத்துக்காட்டாக 13.0 அளவில் இருக்கிறது, ஆம்பியரும் குறைவு. பேட்டரி வாங்கத் தயாராக இருக்கிறது, கொடுப்பவர்தான் இல்லை. பேனல், நிழல், பேனலின் இணைப்புகள், கன்ட்ரோலர் ஆகியவற்றை நோக்கிப் போக வேண்டும்.

2. வோல்ட் 14.4ஐத் தொட்டு நிற்கிறது, ஆம்பியர் குறைவு. கொடுக்க ஆள் இருக்கிறது; பேட்டரி மறுக்கிறது, அல்லது மறுப்பதுபோல் கன்ட்ரோலருக்குத் தோன்றுகிறது. பேட்டரியையும், கன்ட்ரோலருக்கும் பேட்டரிக்கும் இடையிலான வயரையும் நோக்கிப் போக வேண்டும்.

3. வோல்ட் 13.5 அளவில் அசையாமல் நிற்கிறது. ஆம்பியர் ஒன்றுக்கும் கீழே. கன்ட்ரோலர் ஃபுளோட்டுக்குப் போய்விட்டது. பேட்டரி உண்மையிலேயே நிரம்பியிருக்கலாம். இல்லையென்றால் கன்ட்ரோலர் தவறாக முடிவெடுத்திருக்கிறது.

இந்த முடிவை உறுதிசெய்ய எளிய வழி உண்டு. அது போதிய அளவு பரவாமல் இருப்பது வருந்தத்தக்கது. ஆம்பியர் குறைவாக இருக்கும் அந்தக் கணத்திலேயே 3, 4 ஆம்பியர் இழுக்கும் ஒரு சாதனத்தை ஓடவிட்டுக் கன்ட்ரோலரின் திரையைப் பாருங்கள். வோல்ட் ஏறக்குறைய அப்படியே நிற்க, பேனலிலிருந்து வரும் ஆம்பியர் 1.5இலிருந்து 5க்குத் தாவினால், பேனலிடம் அத்தனை நேரமும் மின்சாரம் இருந்தது, அதை ஏற்க ஆள் இல்லாமல் இருந்தது என்று பொருள். அப்படியானால் பேனலின்மேல் பழி சொல்ல இடமில்லை. ஆம்பியர் அசையாமல், வோல்ட் மட்டும் சரிந்தால், பேனல் தன் எல்லையில் நிற்கிறது. இரண்டாவது பேனல் வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்துவிட்டு வாங்கினால் போதும். சிலருக்கு வாங்கவே தேவைப்படாது.

## பேனல் பக்கம்

### வோல்ட் இருந்தால் பேனல் நலம் என்ற பிழை

பேனலின் வயர்களைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்து, 21 வோல்ட் காட்டுகிறது, ஆகவே பேனல் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டுவது மிகப் பரவலான பிழை. சுமையற்ற நிலையில் பேனலின் வோல்ட் ஒளியின் அளவுக்கு மிகச் சிறிதளவே மசிகிறது. மேகமூட்டத்திலும் ஏறக்குறைய அதே எண்ணைக் காட்டும். ஒளிக்கு நேர்விகிதத்தில் மாறுவது மின்னோட்டம். ஆகவே வோல்ட் அளவீடு சொல்வது ஒன்றே: செல்களின் தொடர் அறுபடாமல் இருக்கிறது. அந்தத் தொடர் எவ்வளவு தரும் என்பதை, பேனலின் இரு முனைகளையும் நேராக இணைக்கும்போது பாயும் குறுக்குச்சுற்று மின்னோட்டம்தான் சொல்லும்.

இதை அளக்கும்போது ஒழுங்குமுறை தேவை. பேனலைத் தடித்த துணியால் மூடி, கன்ட்ரோலரிலிருந்து கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் அளவீட்டில் வைத்து இரு முனைகளிலும் இணைத்து, அதன்பின் துணியை விலக்கிப் படித்துவிட்டு, மீண்டும் மூடிய பிறகே மீட்டரை எடுக்க வேண்டும். வெயிலில் மின்னோட்டம் பாயும்போதே இணைப்பைப் பிரித்தால் நேர்மின்னோட்டப் பொறி எழும். அது முனைகளைக் கருக்கிவிடும். பேனலின் ஒட்டில் எழுதப்பட்டுள்ள குறுக்குச்சுற்று மின்னோட்டம் மீட்டரின் எல்லையைத் தாண்டினால் இந்த முறையைக் கைவிட்டு, நேர்மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டரைப் பயன்படுத்துவதே சரி.

ஒட்டில் 6 ஆம்பியர் என்று இருந்து, உயர்ந்த சூரியனின்கீழ் கிடைமட்டப் பேனல் 5 ஆம்பியரைக் காட்டினால் அது நலம். 3 ஆம்பியர் என்றால், அழுக்கு, பாசி, மரப்பிசின், மங்கிப்போன மேற்பூச்சு, செல்களில் விழுந்த நுண்விரிசல் ஆகியவற்றில் ஒன்று காரணம். கூரையின் வளைவுக்கேற்ப வளைத்து ஒட்டப்படும் மெல்லிய வளைபேனல்களில், வண்டியின் அதிர்வாலும் ஆளின் மிதியாலும் இத்தகைய விரிசல் எளிதில் விழும். கண்ணுக்குத் தெரியாது, வோல்ட்டும் குறையாது.

வோல்ட் குறைந்து காட்டும் நேர்வு ஒன்று உண்டு. 36 செல் கொண்ட பேனல் 22 வோல்ட்டுக்குப் பதில் 11 வோல்ட் காட்டினால், பின்புறப் பெட்டியில் உள்ள பைபாஸ் டையோடு (நிழல் விழுந்த செல்களை விலக்கி மின்னோட்டத்துக்கு மாற்றுவழி தரும் உறுப்பு) ஒன்று பழுதாகிப் பாதிப் பேனலைக் குறுக்கே இணைத்துவிட்டது என்று ஊகிக்கலாம். 11 வோல்ட்டால் 12 வோல்ட் பேட்டரிக்குள் எதையும் தள்ள முடியாது.

### நிழல்

பேனலுக்குள் செல்கள் தொடராக இணைந்திருக்கின்றன; தொடரில் எல்லாச் செல்களின் வழியாகவும் ஒரே மின்னோட்டம்தான் ஓட முடியும். ஒரு செல் நிழலில் விழுந்தால் அதன் குறைந்த மின்னோட்டமே தொடர் முழுவதற்கும் விதியாகிறது. கூரைச் சன்னலின் விளிம்பு, காற்றுப்போக்கியின் மூடி, ஆன்டெனாக் கம்பம் ஆகியவற்றின் நிழல் பேனலின் பரப்பில் இருபதில் ஒரு பங்கைத்தான் மறைக்கிறது என்று அலட்சியப்படுத்த முடியாதது இதனால்தான்.

பைபாஸ் டையோடு இருக்கிறதே, அது காப்பாற்றாதா என்று கேட்கலாம். வழக்கமாக 18 செல்லுக்கு ஒரு டையோடு என்ற கணக்கில் 36 செல் பேனலில் இரண்டு இருக்கும். நிழல் விழுந்த பாதியை டையோடு விலக்கிவிட்டால் எஞ்சிய பாதி தரும் மின்னழுத்தம் 9 வோல்ட் அளவில்தான் இருக்கும். பேட்டரியோ 12 வோல்ட்டுக்கு மேல் கேட்கிறது. ஆகவே தனியாக நிற்கும் 12 வோல்ட் பேனலுக்கு டையோடு செல்லைச் சூடாகாமல் காக்கிறதே தவிர, சார்ஜைக் காப்பதில்லை. இரண்டு பேனல்கள் இருந்தால் நிலைமை மாறும்: இணையாக இணைத்தால் நிழலில்லாத பேனல் தன்பாட்டுக்கு முழுமையாகத் தரும், தொடராக இணைத்து, மிகையான வோல்ட்டை ஆம்பியராக மாற்றும் எம்.பி.பி.டி. வகைக் கன்ட்ரோலரோடு ஓட்டினால் நான்கில் ஒரு பாதி விலகினாலும் 27 வோல்ட் அளவில் எஞ்சும், அது தாராளமாகப் போதும். அடிக்கடி மரநிழலில் நிற்கும் வண்டிக்கு, பெரிய ஒற்றைப் பேனலைவிடச் சிறிய இரண்டு மேல்.

## கன்ட்ரோலர்

கன்ட்ரோலரில் இரு வகை உண்டு. பி.டபிள்யூ.எம். வகை பேனலை நேராகப் பேட்டரியோடு சேர்த்துச் சேர்த்துப் பிரிக்கிறது. அதனால் பேனல் பேட்டரியின் வோல்ட்டுக்கு இழுக்கப்படுகிறது. 18 வோல்ட்டில் 5.5 ஆம்பியர் தரும் பேனல் 12.6 வோல்ட்டிலும் அதே 5.5 ஆம்பியரைத்தான் தரும். 100 வாட்டில் 69 வாட் மட்டுமே பயன்படும். எம்.பி.பி.டி. வகை பேனலை அதன் சிறந்த வோல்ட்டில் ஓடவிட்டு, மிகையான வோல்ட்டை ஆம்பியராக மாற்றித் தருகிறது. அதே நிலையில் 7 ஆம்பியருக்கு மேல் கிடைக்கும்.

இந்த வேறுபாடு எப்போதும் இதே அளவில் இருப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பேனல் சூடாகும்போது அதன் வோல்ட் குறைந்து மாற்றித் தருவதற்கான மிகை சுருங்கிவிடுவதால், கடும் வெயிலில் இரு வகைக்கும் இடையே பத்து சதவீதம்கூடச் சில நேரம் வேறுபாடு இராது. குளிரில், பேட்டரி காலியாக இருக்கும்போதுதான் எம்.பி.பி.டி.யின் மதிப்பு தெரியும்.

ஆனால் ஒரு சேர்க்கை எந்தக் காலத்திலும் தவறு. வீட்டுக் கூரைக்கான 60 செல் பேனலை, 31 வோல்ட்டை ஒட்டி ஓடுவதை, பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலரோடு இணைத்தால் பேனலின் திறனில் பாதிக்கு மேல் வீணாகிறது: 300 வாட் பேனல் 125 வாட் பேனலைப்போல் நடந்துகொள்ளும். இரண்டு 12 வோல்ட் பேனல்களைத் தொடராக இணைத்து இவ்வகைக் கன்ட்ரோலரில் மாட்டினாலும் இதே கதிதான்.

அமைப்புகளில் பார்க்க வேண்டியவை மூன்று. முதலாவது பேட்டரி வகை: ஜெல் பேட்டரிக்குரிய குறைந்த வோல்ட் வரம்பில் சாதாரண ஈய-அமில பேட்டரியை ஏற்றினால் கடைசிப் பகுதி நிரம்பாது. இரண்டாவது அமைப்பின் வோல்ட்: பல கன்ட்ரோலர்கள் முதன்முதலாக இணைக்கும்போது 12 வோல்ட்டா, 24 வோல்ட்டா என்று தாமே அறிந்துகொள்கின்றன, பேனலை முதலில் இணைத்துவிட்டால் அந்த அறிதல் பிசகலாம். பேட்டரியை முதலில் இணைப்பதும், கழற்றும்போது பேனலை முதலில் கழற்றுவதும் இதற்காகத்தான். மூன்றாவது வெப்பநிலைத் திருத்தம்: ஈய-அமில பேட்டரி சூடானால் கன்ட்ரோலர் சார்ஜ் வோல்ட்டைக் குறைக்கும், 12 வோல்ட் பேட்டரிக்கு டிகிரிக்குச் சுமார் 0.02 முதல் 0.03 வோல்ட் வீதம். வெப்ப உணரி கன்ட்ரோலருக்குள்ளேயே இருந்து, கன்ட்ரோலர் காற்றில்லாத அலமாரியில் 45 டிகிரியில் வெந்துகொண்டிருக்க, பேட்டரி கீழே 25 டிகிரியில் இருந்தால், தேவையில்லாமல் அரை வோல்ட் குறைக்கப்படும். அரை வோல்ட் என்பது இந்த இடத்தில் மிகப் பெரிய அளவு.

## வயர்: பொய் சொல்லும் உறுப்பு

வயர் மெல்லியதாக இருந்தால் மின்சாரம் வீணாகும் என்பது எல்லோருக்கும் தெரியும். மோட்டார்ஹோமில் உண்மையான சேதம் அதனால் நிகழ்வதில்லை. வயர் கன்ட்ரோலருக்குத் தவறான செய்தி சொல்வதால் நிகழ்கிறது.

செம்பின் தடை, ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுக்கு, மீட்டருக்கு சுமார் 0.0175 ஓம். கன்ட்ரோலர் பேட்டரியிலிருந்து 4 மீட்டர் தள்ளி இருக்கிறது, வயர் 2.5 சதுர மில்லிமீட்டர் என்று கொள்வோம். போகவும் வரவும் 8 மீட்டர், தடை 0.056 ஓம். 10 ஆம்பியர் பாயும்போது வயரில் 0.56 வோல்ட் விழுகிறது. வீணாகும் திறன் 5.6 வாட்தான், பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆனால் கன்ட்ரோலர் தன் முனையில் 14.4 வோல்ட்டைக் காணும்போது பேட்டரியின் முனையில் இருப்பது 13.84 மட்டுமே. பேட்டரி இன்னும் பல்க் கட்டத்தில் பசியோடு இருக்க, கன்ட்ரோலர் அது அப்சார்ப்ஷனை எட்டிவிட்டது என்று நம்பி மின்னோட்டத்தைக் குறைக்கத் தொடங்குகிறது.

மின்னோட்டம் குறையக் குறைய வயரில் விழும் வோல்ட்டும் குறையும். ஆகவே காலம் போதுமான அளவு இருந்தால் பேட்டரி நிரம்பியே தீரும். ஆனால் சூரியனிடம் அந்தக் காலம் இல்லை. மேலும் சில கன்ட்ரோலர்கள், பல்க் கட்டம் விரைவில் முடிந்தால் பேட்டரி ஆழமாக இறங்கவில்லை என்று கணித்து, அப்சார்ப்ஷன் நேரத்தையும் சுருக்கிவிடுகின்றன. ஒரு பிழை இன்னொன்றை ஈன்று, நண்பகல் கடந்த சிறிது நேரத்தில் பச்சை விளக்கு எரிய, பேட்டரி முக்கால் நிலையிலேயே நின்றுவிடுகிறது.

அதே தொலைவுக்கு 10 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் இழப்பு 0.14 வோல்ட். அதைவிடச் சிறந்தது கன்ட்ரோலரையே பேட்டரிக்கு ஒரு மீட்டருக்குள் நகர்த்திவிட்டு, நீளமான வயரைப் பேனல் பக்கம் வைத்துக்கொள்வது. எம்.பி.பி.டி. கன்ட்ரோலருக்குப் பேனல் பக்கத்தில் 18 வோல்ட்டில் 0.3 வோல்ட் குறைவது இரண்டு சதவீதம்கூட இல்லை. அங்கே எந்த முடிவும் அதனால் கெடுவதில்லை.

வயரைவிடவும் மோசமானவை இணைப்புகள். களிம்பு பூத்த ஃபியூஸ் தாங்கி, தளர்ந்த திருகு, வயர் முனையில் சரியாக நெரிக்கப்படாத லக் என்னும் உலோக வளையம், ஈரம் புகுந்த கூரைக் கனெக்டர் ஆகிய ஒவ்வொன்றும் சில மீட்டர் மெல்லிய வயருக்குச் சமமான தடையைத் தனியொரு புள்ளியில் வைத்துவிடும். இவற்றைப் பார்த்துக் கண்டுபிடிப்பது அரிது. மின்னோட்டம் பாயும்போது மீட்டரின் இரு முனைகளையும் ஃபியூஸ் தாங்கியின் இரு பக்கமும் வைத்து அளந்தால் போதும். சில மில்லிவோல்ட் என்றால் நலம், 0.2 வோல்ட் என்றால் அந்தத் தாங்கியை மாற்றியாக வேண்டும். கைக்குச் சூடாகத் தெரியும் இணைப்பு எதுவாயினும் அது தீவிபத்துக்கான முன்னறிவிப்பும்கூட. சார்ஜ் வேகத்தைவிட அதுவே பெரிய கவலை.

## பேட்டரி

ஈய-அமில பேட்டரி 80 சதவீதம் வரை விரைந்து வாங்கும். கடைசி 20 சதவீதத்துக்குப் பல மணி நேரம் எடுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் ஆம்பியர் 5, 3, 1 என்று இறங்குவது அதன் இயல்பு. மேலும், எடுத்த ஆம்பியர்-மணியைவிட 10 முதல் 20 சதவீதம் கூடுதலாகத் திருப்பிக் கொடுத்தால்தான் கணக்கு நேராகும்.

அந்தக் கடைசிப் பகுதி நாள்தோறும் நிரம்பாமல் விடப்பட்டால் தட்டுகளில் படியும் ஈய சல்பேட் மெல்லக் கெட்டிப்படுகிறது. இப்படிப் பழுதான பேட்டரி மிக விசித்திரமாக நடந்துகொள்ளும்: வெயில் ஏறிய அரை மணிக்குள் 14.4 வோல்ட்டைத் தொடும், ஆம்பியர் சரியும், கன்ட்ரோலர் நிரம்பிவிட்டது என்று அறிவிக்கும். இரவில் விளக்கைப் போட்டதும் வோல்ட் சரேலென இறங்கும். பார்ப்பவருக்கு இது சோலார் போதவில்லை என்றே தோன்றும். பாத்திரமே சுருங்கிவிட்டது என்பதுதான் உண்மை.

சோதிக்கும் வழி: வெளி மின்சாரத்தில் முழுமையாக ஏற்றி, எல்லாவற்றையும் துண்டித்துச் சில மணி நேரம் விட்டபின் அளந்தால் 12.7 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். பிறகு 5 ஆம்பியர் சுமையை 5 மணி நேரம் ஓட்டி, மீண்டும் ஓய்வு கொடுத்து அளக்க வேண்டும். நலமான 100 ஆம்பியர்-மணி பேட்டரி கால் பங்கை இழந்து 12.4 வோல்ட்டில் நிற்கும். 12.0 வோல்ட்டுக்கு வந்துவிட்டிருந்தால் அதன் கொள்ளளவில் பெரும்பகுதி போய்விட்டது. எத்தனை பேனல் சேர்த்தாலும் அது திரும்பாது.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரிக்கு இந்த வோல்ட் அட்டவணை பொருந்தாது. அது பெரும்பாலான நேரம் 13.2, 13.3 வோல்ட்டிலேயே நிற்கும். வோல்ட்டைப் பார்த்து எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல முடியாது. அதற்குள் இருக்கும் பி.எம்.எஸ். என்னும் காப்புச் சுற்று, செல்களின் வெப்பநிலை 0 டிகிரிக்குக் கீழே போனால் பொதுவாகச் சார்ஜை முழுமையாக நிறுத்திவிடும். குளிர்காலக் காலையில் வெயில் இருந்தும் ஆம்பியர் பூஜ்யமாக இருப்பதற்கு இது காரணமாகலாம். அது கோளாறன்று, பேட்டரியைக் காப்பாற்றும் செயல்.

## அளந்து செல்ல வேண்டிய வரிசை

பின்வரும் வரிசை, செலவில்லாத சோதனையிலிருந்து தொடங்குகிறது. ஒரு படியில் விடை கிடைத்தால் அதைச் சரிசெய்துவிட்டு மீண்டும் முதலிலிருந்து அளக்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு மாற்றங்களைச் செய்தால் எது பலித்தது என்று தெரியாமல் போய்விடும்.

1. நண்பகலில், வண்டி நிழலில்லாத இடத்தில் நிற்கும்போது, உள்ளே எல்லாச் சாதனங்களையும் அணைத்துவிட்டு, பேட்டரி வோல்ட்டையும் சார்ஜ் ஆம்பியரையும் ஒருசேரக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. 3, 4 ஆம்பியர் சுமையை ஓட்டி, ஆம்பியர் உயர்கிறதா என்று பாருங்கள். உயர்ந்தால் 5ஆம் படிக்குச் செல்லுங்கள்.

3. கூரைக்கு ஏறிப் பேனலைக் கழுவி, அதன்மேல் விழும் நிழல்களைக் கவனியுங்கள்.

4. பேனலின் சுமையற்ற வோல்ட்டையும் குறுக்குச்சுற்று மின்னோட்டத்தையும் அளந்து ஒட்டோடு ஒப்பிடுங்கள். இரண்டும் சரியாக இருந்தும் கன்ட்ரோலரின் ஆம்பியர் குறைவு என்றால், பேனலிலிருந்து வரும் இணைப்புகளும் கன்ட்ரோலருமே எஞ்சுகின்றன.

5. மின்னோட்டம் பாயும்போது கன்ட்ரோலரின் பேட்டரி முனையிலும், பேட்டரியின் முனையிலும் ஒரே மீட்டரால் அளந்து கழித்துப் பாருங்கள். வேறுபாடு 0.2 வோல்ட்டுக்கு மேல் என்றால் வயரையும் ஃபியூஸ் தாங்கியையும் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள்.

6. கன்ட்ரோலரின் பேட்டரி வகை, அப்சார்ப்ஷன் வோல்ட், வெப்ப உணரி இருக்கும் இடம் ஆகியவற்றைச் சரிபாருங்கள். இரு பேட்டரிகளுக்கும் தரும் கன்ட்ரோலராக இருந்தால், இன்ஜின் பேட்டரிக்கு எவ்வளவு பங்கு ஒதுக்கப்பட்டுள்ளது என்றும் பாருங்கள்.

7. மேலே கூறிய 5 மணி நேரச் சுமைச் சோதனையால் பேட்டரியின் கொள்ளளவை அறியுங்கள்.

8. இரவில் பேனல் தராத நேரத்தில், வழக்கமாக ஓடும் சாதனங்கள் மட்டும் ஓட, பேட்டரியிலிருந்து வெளியேறும் ஆம்பியரை அளந்து நாள் செலவைக் கணக்கிடுங்கள்.

எட்டுப் படியிலும் குறை எதுவும் அகப்படாமல், நாள் செலவு மட்டும் நாள் வரவை மிஞ்சி நின்றால், அப்போது பேனலைக் கூட்டலாம். எவ்வளவு என்பதையும் அந்தக் கணக்கே சொல்லிவிடும்: நாளுக்கு 20 ஆம்பியர்-மணி குறைகிறது என்றால், வண்டி நிற்கும் இடத்தில் அந்தப் பருவத்தில் 4 மணி நேர முழு வெயிலுக்கு ஈடான ஒளி கிடைக்கும் என்ற கணிப்பில், 100 வாட் பேனல் ஒன்று ஏறக்குறைய அந்தக் குறையை நிரப்பும். ஒரு மணி நேரத்துக்கு ஈடான ஒளியே கிடைக்கும் பருவத்தில் அதே குறையை நிரப்ப 400 வாட் தேவைப்படும். அந்த அளவுக்குக் கூரையில் இடமில்லாத வண்டிக்கு, ஓடும்போது இன்ஜினின் ஆல்டர்னேட்டரிலிருந்து வீட்டு பேட்டரிக்கு ஏற்றும் டிசி-டிசி சார்ஜரே பொருத்தமான வழி.